அமைதிக் கேடயம்

அந்த ஸ்கூலான்னு கேட்டீங்க பாருங்க, அதுலதாங்க எனக்கு வயிறெரியுது. எந்த ஸ்கூல்லங்க பசங்க விழுந்து எந்திரிக்கல? எங்க ஸ்கூல் பேரைச் சொன்னா மட்டும் ஆளாளுக்கு "ஓ, அந்த ஸ்கூலா"ன்னு ஒரு இழுப்பு இழுக்கறீங்க. நீங்களும் இப்ப இழுத்தீங்க. பரவாயில்ல, உக்காருங்க. பையை மேல வெச்சிருங்க. குட்டிப் பையனை மடியில வெச்சுக்குங்க, இந்த பஸ்ஸுல மூணு பேர் சீட்டுதான், தாராளமா உக்காரலாம். ஜூன் மாசம் ஒண்ணாங்கிளாஸ் சேக்கணுமா? அதான் விசாரிக்கறீங்க. விசாரிக்கணும். விசாரிக்காம புள்ளையைச் சேக்கக் கூடாது. ஆனா பக்கத்து வீட்டுல சொன்னாங்க, வாட்ஸப்புல வந்துச்சுன்னு விசாரிக்கக் கூடாது. உள்ள இருக்கறவங்ககிட்டக் கேக்கணும்.

நான் அங்க வைஸ் பிரின்சிபால்ங்க. பேரு கோகிலவாணி. ஜன்னலோரம் உக்காந்திருக்கறது என்ற பையன் முகுந்தன். அதே ஸ்கூல்லதான் ஏழாவது படிக்கறான். டேய், ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு. பாத்தீங்களா? சொல்ல மாட்டான். தப்பா எடுத்துக்காதீங்க, திமிரு இல்லைங்க. அவன் பேசறதையே நிறுத்திட்டான். பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்த மறுவாரத்துல இருந்து ஒரு வார்த்தை கிடையாது. அம்மான்னு கூப்பிடறதில்ல, பசிக்குதுன்னு சொல்றதில்ல. தட்டை வெச்சா சாப்பிடறான், எடுத்தா எந்திரிச்சுக்கறான். தொண்டை டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டுத் தொண்டையில ஒண்ணுமே இல்லைங்கறாரு. அவங்கப்பா மத்தியப் பிரதேசத்துல ரிக் வண்டியோட போர்வெல் போட்டுட்டு இருக்காரு. போன்ல "பேசு சாமி, ஒரு வார்த்தை பேசு சாமி"ங்கறாரு. இவன் போனைக் காதுல வெச்சுட்டு நிக்கறான். அந்தப் பக்கம் அவர் அழுகறது எனக்கே கேக்குது. அதனாலதான் கோயமுத்தூர்ல ஒரு மனநல டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன். இப்படியே போனா என்ற புள்ளை என்ன ஆவான், சொல்லுங்க.

சரி, நீங்க கேட்டதுக்கு வர்றேன்.

நான் வைஸ் பிரின்சிபால் ஆனப்ப அந்த ஸ்கூல் சந்தைக்கடையாட்டம் இருந்துச்சுங்க. இன்டர்வெல் பெல் அடிச்சா ஓட்டம், சத்தம், புழுதி. கபடி விளையாடறேன்னு ஒரு பையன் பல்லை உடைச்சுக்கிட்டான். அவங்கப்பன் வக்கீலோட வந்து நின்னாரு. கரஸ்பாண்டன்ட் அய்யா என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்க கையில விடறேன். இனி ஒரு சத்தம் கேக்கக் கூடாது"ன்னாரு. நான் என்ன பண்ணேன்? முதல்ல கிரவுண்டைப் பூட்டினேன். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டெஸ்ட்டுக்குக் குடுத்தேன். இன்டர்வெல்ல பாத்ரூம் போறவன் வரிசையா போகணும், மத்தவன் அவனவன் இடத்துல உக்காந்திருக்கணும். கிளாஸ் லீடர் சாக்பீஸோட போர்டுகிட்ட நிப்பான். பேசறவன் பேரை எழுதணும். இது நீங்களும் நானும் படிச்ச காலத்துல இருந்து இருக்கறதுதான். உங்க பேரையும் எழுதியிருப்பாங்க, சிரிக்கறீங்களே! நான் அதுல ஒரு சின்ன மாத்தம் பண்ணேன். ஒரு பேர் போர்டுல ஏறினா அந்தப் புள்ளைக்கு இல்ல, அந்தக் கிளாஸுக்கே மார்க் குறையும். மாசக் கடைசியில எந்தக் கிளாஸுக்குப் பேரே ஏறலையோ, அவங்களுக்குக் கேடயம். பித்தளையில அடிக்கச் சொல்லி, 'அமைதிக் கேடயம்'னு எழுத்துப் பொறிச்சு வாங்கினேன்.

அவ்வளவுதாங்க. மறுமாசமே மாறிப்போச்சு. ஒருத்தன் வாயைத் தொறந்தா பக்கத்துல இருக்கறவனே அவனைக் கிள்ளி உக்கார வெச்சுருவான். டீச்சரே தேவையில்ல. வெளியில இருந்து வர்றவங்க, "ஏனுங்க மேடம், இன்னைக்கு லீவுங்களா?"ன்னு கேப்பாங்க. அந்த ஒரு கேள்வி காதுல விழறதுக்குன்னே நான் மெயின் கேட்டுகிட்டப் போய் நிப்பேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

ஏழாவது பி செக்‌ஷன்தான் மாசாமாசம் கேடயம் வாங்கும். அதுல லீடர் இவன்தான். டீச்சர் பையன்னு சலுகையான்னு கேக்காதீங்க, இவனுக்கு நான் மத்தவங்களைக் காட்டிலும் கெடுபிடி. அந்தக் கிளாஸ்ல ஒழுக்கத்தைப் பாக்கணும் நீங்க. மத்த கிளாஸ்ல உச்சி வெயிலுக்குச் சட்டையை விரியத் தொறந்து போட்டுட்டு உக்காந்திருப்பானுக. பி செக்‌ஷன் பசங்க நாலஞ்சு பேர் காலர் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டிருப்பாங்க. நான் சொல்லவே இல்லைங்க, அவங்களாவே போட்டுக்கிட்டாங்க. இவனும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தும் கழட்ட மாட்டான். நான் பிரேயர்ல அந்தக் கிளாஸை நிக்க வெச்சு எல்லாருக்கும் காமிச்சேன், "சீருடைன்னா இப்படிப் போடணும்"னு.

என்னடா குட்டி, முறுக்கு வேணுமா? மெதுவாக் கேக்கணும் தங்கம். கத்தாமக் கேட்டாத்தான் ஆன்ட்டி குடுப்பேன். இந்தா.

வாட்ஸப்புல வந்துச்சே, அந்த விளையாட்டு எங்கிருந்து வந்துச்சுங்கறீங்களா? அதைத்தாங்க நானும் கேட்டுட்டு இருக்கேன். ஒருத்தன் வேன்ல வர்ற பெரிய பசங்க சொல்லித் தந்தாங்கங்கறான். ஒருத்தன் ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போன எடத்துல மாமன் பையன்கிட்டக் கத்துக்கிட்டேங்கறான். யாரைக் கேட்டாலும் இன்னொருத்தனைக் கை காட்டறான். 'ஆகாசம்'னு பேர் வெச்சிருக்காங்க. வேணும்னே மயக்கம் வரவெச்சுக்கறது. எப்படின்னு நான் சொல்லப் போறதில்ல, குழந்தை கேட்டுட்டு இருக்கான். கண்ணு இருட்டிக்கிட்டு வந்து ஆகாசத்துல மெதக்கற மாதிரி இருக்குமாம், அப்பறம் தானா தெளிஞ்சு எந்திரிச்சுருவாங்களாம். நீ போனியா, நான் போயிட்டு வந்துட்டேன், போகாதவன் பயந்தாங்கொள்ளி. இதுதான் விளையாட்டு. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். ஓட வேண்டாம், கத்த வேண்டாம். உக்காந்த எடத்துலயே முடிஞ்சுரும். இத்தனை கட்டுப்பாடா இருக்கற ஸ்கூலுக்குள்ள, இத்தனை அமைதியா இருக்கற கிளாஸுக்குள்ள, இது எப்படிங்க நுழைஞ்சுது? எனக்கு அதுதான் இன்னைக்கு வரைக்கும் புரியல.

தர்ஷிகான்னு ஒரு புள்ள. அதே கிளாஸ். சரியான வாயாடி. கேடயம் ஒரு மாசம் கை விட்டுப் போச்சுன்னா அது அவளாலதான் போயிருக்கும். மார்கழி மாசம், பரீட்சை சமயம், அவ என்ற ரூமுக்கு வந்தா. "மிஸ், பசங்க கடைசி பெஞ்ச்ல ஆகாசம் போறாங்க மிஸ். எனக்குப் பயமா இருக்குது மிஸ்"ன்னா. நான் கொஸ்டின் பேப்பர் கட்டு பிரிச்சுட்டு இருக்கேன். ஆகாசமாவது பாதாளமாவது. "கோள் சொல்றது கெட்ட பழக்கம். உன்ற படிப்பைப் பாரு"ன்னு அனுப்பிட்டேன். கதவுகிட்டப் போயி மறுக்காத் திரும்பினா. "மிஸ், முகுந்தன்கூட..."ன்னா. பாருங்க, லீடர் மேல இருக்கற கோபத்தை எப்படித் தீத்துக்கறா! "போ"ன்னு ஒரு சத்தம் போட்டேன். போயிட்டா. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அதையே பண்ணியிருப்பீங்க. இன்னைக்கு எல்லாரும் என்னமோ அந்தப் புள்ள பெரிய தீர்க்கதரிசியாட்டமும் நான் கண்ணு தெரியாதவளாட்டமும் பேசறாங்க.

அப்பறம் பொங்கல் லீவு வந்துச்சு. லீவுல இவனுக்குத் தலைவலி, தலைவலின்னு ஒரே பாடு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கும். ரூமுக்குள்ள போனா தாழ்ப்பாள் போட்டுக்குவான். படிக்கற புள்ளை, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். கண்ணாடி போடணும் போலன்னு நினைச்சேன்.

ஸ்கூல் தொறந்து ரெண்டு மூணு நாள் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் என்ற ரூம்ல தயிர்சாதம் சாப்பிட்டுட்டு இருக்கேன். ரெண்டு ரூம் தள்ளித்தான் ஏழாவது பி. ஒரு சத்தம் இல்ல. அப்படி ஒரு அமைதி. திடீர்னு "மிஸ்! மிஸ்!"னு ஒரு அலறல். யாருன்னு கேக்கவே வேண்டாம், தர்ஷிகாதான். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். கையைக்கூடக் கழுவாம எந்திரிச்சுப் போனேன். வராண்டாவுல ஓடி வர்றா. "எங்கடி ஓடற? போய் உக்காரு உள்ள"ன்னு தோளைப் புடிச்சுத் திருப்பி, முன்னால விட்டுக் கூட்டிட்டுப் போனேன். அவ என்னமோ சொல்லச் சொல்ல, "முதல்ல வாயை மூடு, அப்பறம் பேசு"ன்னேன்.

உள்ள போனா, எல்லாரும் அவங்கவங்க எடத்துல உக்காந்திருக்காங்க. கையைக் கட்டிட்டு. நான் முதல்ல பாத்தது போர்டைத்தான். 'தர்ஷிகா'ன்னு எழுதியிருக்குது. இவன் சாக்பீஸோட பக்கத்துல நிக்கறான். ரூல்ஸ்னா ரூல்ஸ், எந்த நேரத்துலயும் விடல பாருங்க. அதுக்கப்பறம்தான் இவன் பாக்கற பக்கம் நானும் பாத்தேன். கடைசி பெஞ்சுக்குக் கீழ ரெண்டு காலு தெரிஞ்சுது.

யஷ்வந்த். நல்லாப் படிக்கற பையன்.

ஆகாசம் போனவன் தெளியலைங்க. எப்பவும் போல எந்திரிச்சுருவான், எந்திரிச்சுருவான்னு எல்லாரும் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. எவ்வளவு நேரம்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல. அத்தனை புள்ளைங்க இருக்குது, ஒருத்தன் எந்திரிச்சு ஓடி வரலைங்க. ஒருத்தன் கத்தலைங்க. கேடயம் போயிருமாம்! ஒரு பையன் போலீஸ்காரர்கிட்ட அப்படியே சொல்றான். "கத்தினா எங்க கிளாஸுக்கு மார்க் போயிரும் சார்"ங்கறான். அட அறிவு கெட்டவனுகளா, ஒரு உசுரு போகறப்பக்கூடவா நான் கத்த வேண்டாம்னேன்? எப்பக் கத்தணும், எப்பக் கத்தக் கூடாதுன்னு ஏழாவது படிக்கற புள்ளைக்குத் தெரிய வேண்டாமா? அதையும் நானே சொல்லித் தரணுமா?

ஸ்கூல் வேன்லயே தூக்கிப் போட்டுட்டு ஓடினோம். என்ற மடியிலதான் அவன் தலை இருந்துச்சு. நெத்தியைத் தேச்சுக்கிட்டே போனேன். அந்த வேன்ல நான் வேண்டாத சாமி இல்லைங்க. பொழைச்சுக்கிட்டான். பொழைச்சுக்கிட்டான்னுதான் சொல்லணும். வீட்டுக்கு வந்துட்டான். ஆனா முந்தி மாதிரி இல்ல. அவன் பேரைக் கேட்டா கொஞ்ச நேரம் ரோசனை பண்ணிட்டுத்தான் சொல்றான். டம்ளரைக் கையில குடுத்தா கீழ விட்டுர்றான். மூளைக்குக் காத்துப் போகாம நின்னுபோச்சுன்னு டாக்டர் சொன்னாராம். சரியாகலாம், நாளாகுமாம். நான் பாக்கப் போனேன். அவங்கம்மா வாசல்லயே நிறுத்திட்டாங்க. "உங்க பையனும்தான் விளையாடினான். உங்க பையன் எந்திரிச்சான், என்ற பையன் எந்திரிக்கல. அவ்வளவுதாங்க வித்தியாசம்"னாங்க. பெத்த வயிறு, என்ன வேணாச் சொல்லட்டும்னு வந்துட்டேன். ஆனா என்ற பையனா? பேசறவன் பேரை எழுதறவன் இவன். இவன் போயி அதை விளையாடுவானா? நீங்களே பாருங்க இவன் மூஞ்சியை. விளையாடற மூஞ்சியா இது?

டேய், நான் ஒண்ணும் சொல்லலடா. யஷ்வந்த் பேரை எடுத்தாப் போதும், இப்படித்தாங்க அந்தப் பக்கம் திரும்பிக்குவான்.

அப்பறம் விழிப்புணர்வுக் கூட்டம்னு ஒண்ணு போட்டாங்க. எல்லாப் பெத்தவங்களையும் வரச் சொல்லி ஆடிட்டோரியத்துல. ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்து பேசிச்சு. பசங்க கண்ணு காரணமில்லாமச் செவந்திருந்தாக் கவனிங்க, அடிக்கடி தலைவலின்னாக் கவனிங்க, ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாக் கவனிங்க, கழுத்தை மறைக்கற மாதிரி உடுப்பு போட்டாக் கவனிங்க. இப்படி அடுக்கிக்கிட்டே போச்சு. நான் எந்திரிச்சுக் கேட்டேன், "ஏம்மா, கண்ணு செவக்கறது டிவி பாத்தாலும் செவக்கும். தலைவலி படிச்சாலும் வரும். காலர் பட்டன் போடறது ஒழுக்கம். இதையெல்லாம் சந்தேகப்பட்டா புள்ளை வளக்க முடியுமா?"ன்னு. கை தட்டுவாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் தட்டல. அந்தப் புள்ள டாக்டரு என்னையே பாத்துச்சு. "உங்க வீட்டுல இதெல்லாம் இருக்குதுங்களா மேடம்?"னு கேட்டுச்சு. அத்தனை பேர் முன்னால! "இது பொதுவாச் சொன்னது"ன்னுட்டு உக்காந்துட்டேன்.

அது சொன்ன வைத்தியத்தைக் கேளுங்க. பசங்களை ஓட விடுங்க, விளையாட விடுங்க, கிரவுண்டைத் தொறந்து விடுங்க. யாராவது விழுந்தா உடனே கத்தணும், கத்தினவங்களை ஒருத்தரும் திட்டக் கூடாது, பாராட்டணும். இந்த விளையாட்டைப் பத்தி அவங்ககூட உக்காந்து பேசுங்க, அவங்க சொல்றதைக் கேளுங்க. பேசறதாமே! பேசினா நாலு பேருக்குத் தெரிஞ்சது நானூறு பேருக்குத் தெரியும். நான் என்ற வழியில ஒரு விழிப்புணர்வு பண்ணேன். மக்கியா நாளே, விடிஞ்சதும் பிரேயர்ல எல்லாரையும் வலது கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி எடுக்க வெச்சேன். "இந்த விளையாட்டைப் பத்தி வகுப்பிலோ, வேனிலோ, வீட்டிலோ, யாரிடமும், எப்போதும், ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்." கணீர்னு சொன்னாங்க, கேக்கவே நல்லா இருந்துச்சு. ஏழாவது பி-க்குத் தலைமை தாங்கி இவன்தான் முன்னால நின்னு சொன்னான்.

அதாங்க இவன் கடைசியாப் பேசினது. அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து வாயைத் தொறக்கல.

இப்ப நிர்வாகம் என்னைய லீவுல இருக்கச் சொல்லிருச்சு. விசாரணைக் கமிட்டியாம். சத்தம் வரக் கூடாதுன்னு சொன்ன அதே கரஸ்பாண்டன்ட் அய்யா இப்ப, "நான் இவ்வளவு தூரம் பண்ணச் சொல்லலையே மேடம்"ங்கறாரு. கேடயத்தை எங்கயோ தூக்கி உள்ள வெச்சுட்டாங்க. தர்ஷிகாவை மேடையில ஏத்திச் சால்வை போத்தினாங்களாம். லீடரா இருந்த பையன் வந்து நடந்ததைச் சொல்லட்டும்ங்கறாங்க. இவன் வந்து, "எங்க மிஸ்ஸு மேல தப்பில்ல"ன்னு ஒரு வரி சொன்னாப் போதும்ங்க. அந்த ஒரு வரிக்காக நான் கெஞ்சாத கெஞ்சில்ல. முதல்ல நல்ல விதமாக் கேட்டேன். அப்பறம் மிரட்டினேன். ஒரு நாள் கை நீட்டி அடிச்சுட்டேன், அடிச்சுட்டு நானும் அவன்கூட உக்காந்து அழுதேன். அவன் அழுததும் சத்தமில்லாமத்தாங்க. கண்ணுல இருந்து தண்ணி மட்டும் வருது.

இப்பெல்லாம் கமிட்டியும் வேண்டாம், வேலையும் வேண்டாம்னு ஆகிப்போச்சு எனக்கு. போகட்டும். நான் வேலைக்குப் போறதுக்கு முந்தியும் சாப்பிட்டுட்டுத்தான் இருந்தோம். வீட்டுக்குள்ள போனா பயமா இருக்குதுங்க. ரெண்டு பேரும் இருக்கறோம், பைப்புல தண்ணி சொட்டறது கேக்குது. சின்னதுல இவன் எப்படிப் பேசுவான் தெரியுமா? உங்க குட்டி கேக்கற மாதிரியே அது என்ன, இது ஏன்னு. ஆத்துப் பாலம் வந்தாப் போதும், பஸ்ஸே கிடுகிடுங்கற மாதிரிக் கூச்சல் போடுவான். நான்தான் தொடையில கிள்ளி உக்கார வெப்பேன். இப்ப ஒரு கத்தல் கத்தினாப் போதும், கெட்ட வார்த்தை பேசினாலும் சரி, என்னையத் திட்டினாலும் சரி. இவன் தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்தா, இந்தக் காதால அதைக் கேட்டா, மருதமலைக்கு நடந்தே வர்றேன்னு வேண்டியிருக்கேன்.

பாருங்க, நான் பேசிட்டே வந்ததுல உங்க பையன் தூங்கிப்போயிட்டான். வாயைத் தொறந்துட்டு என்ன தூக்கம்! தலை பின்னால தொங்குது பாருங்க, கழுத்து வலிக்கும், கையை அண்டக் குடுத்து...

டேய்! முகுந்தா! டேய், என்னடா, விடுடா குழந்தையை! எதுக்குடா இப்படிப் புடிச்சு உலுக்கற? விடு! தூங்கறான்டா. தூங்கறான்டா அவன். மயக்கமில்லடா சாமி, தூக்கம். இங்க பாரு, முழிச்சுட்டான், பாரு, அழுகறான் பாரு, நல்லாத்தான் இருக்கான். 'மிஸ், எந்திரிக்க மாட்டேங்கறான் மிஸ்'னு ஏன்டா இந்தக் கத்துக் கத்தற? நான் இங்கதானே இருக்கேன். கண்டக்டர், ஒண்ணுமில்லைங்க, வண்டியை நிறுத்த வேண்டாம், நீங்க போங்க. ஒண்ணுமில்லைங்க, பையன் பயந்துட்டான். டேய், போதும்டா. பஸ்ஸே திரும்பிப் பாக்குது. ஷ்ஷ்! கத்தாதேன்னு சொல்றேன்ல. வாயை மூடு. மூடுடா.

ம். அப்படி. அப்படி உக்காரு. சமத்து.

தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி. குட்டி ரொம்பப் பயந்துட்டானா? இவன் இப்படியெல்லாம் சத்தம் போடற பையனே இல்லைங்க.